சும்மா ஒரு மஸ்கட்!

'இந்த டிசம்பர்ல நாலு பேரும் சேர்ந்து ஏதாவது ஒரு ஃபாரின் போயே தீரணும்' என்று ஆபீஸ் கேன்டீனில் டீ கிளாஸைத் தொட்டு சத்தியம் செய்த நால்வரில் நானும் ஒருவன். டீ ஆறுவதற்குள் சத்தியமும் ஆறிவிட்டது.

முதல் ஆளுக்கு நிச்சயதார்த்தம். இரண்டாவது ஆளுக்கு வீட்டு லோன். மூன்றாவது நண்பர், 'வீட்ல கேட்டுட்டுச் சொல்றேன்' என்று போன மார்ச் மாதம் சொன்னார். இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறார் போலிருக்கிறது.

மிச்சம் நானும் என் பாஸ்போர்ட்டும்தான். சரி, தனியாகவே போய்விடுவது என்று முடிவு பண்ணினேன். ஊர், மஸ்கட். ஓமன் நாட்டின் தலைநகர்.

வினை ஆரம்பித்தது அங்கேதான்!

பாங்காக் என்று சொன்னால் ஒரு மாதிரி சிரிப்பார்கள். சிங்கப்பூர் என்றால், 'எங்க நாத்தனார் அங்கதான் இருக்கா' என்பார்கள். மஸ்கட் என்று சொன்னால் தமிழ்நாட்டில் ஒரே கேள்விதான்.

"என்ன வேலை? எவ்ளோ சம்பளம்?"

"வேலைக்கு இல்ல ஸார். சும்மா ஊர் பார்க்க."

"சும்மாவா? மஸ்கட்டுக்கா?"

பக்கத்து ஸீட் சீனியர் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "ரிஸைன் பண்றதா இருந்தா எங்கிட்ட மட்டும் சொல்லுங்க தம்பி, வெளியில விட மாட்டேன்" என்றார். சாயந்திரத்துக்குள் ஜன்னலோரம் இருக்கும் என் நாற்காலிக்கு இரண்டு பேர் துண்டு போட்டுவிட்டார்கள். வீட்டு ஓனரம்மா ஒரு படி மேலே போய், "காலி பண்றதா இருந்தா ரெண்டு மாசம் முன்னாடியே சொல்லணும்ப்பா" என்று அட்வான்ஸ் கணக்கை ஆரம்பித்துவிட்டார்.

அரபு நாட்டுக்கு ஒருத்தன் சம்பாதிக்கத்தான் போவான், செலவு பண்ணப் போக மாட்டான் என்பதில் நம் ஜனங்களுக்கு அவ்வளவு உறுதி. தப்பு சொல்ல முடியாது. எங்கள் வீட்டிலேயே அப்படித்தான்.

என் அப்பா 1983-லிருந்து 2001 வரை மஸ்கட்டில் எலெக்ட்ரீஷியனாக இருந்தவர். இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை 45 நாள் லீவு. நான் பிறந்தது 1992-ல். அவர் ஒரேயடியாகத் திரும்பி வந்தபோது எனக்கு எட்டரை வயசு. ஒருநாள் வேலை இல்லாமல் கணக்குப் போட்டுப் பார்த்தேன். அதுவரை அவரை நான் பார்த்தது நாலு லீவு, மொத்தம் 180 நாள். முதல் லீவு எனக்கு ஞாபகமில்லை. அதைக் கழித்தால் 135.

ஆகவே எங்கள் வீட்டில் மஸ்கட் என்பது ஒரு ஊர் அல்ல, ஒரு சூட்கேஸ். திறந்தால் சென்ட் வாசனையோடு டார்ச் லைட், கோடாலித் தைலம், ஆரஞ்சு ஜூஸ் பவுடர், தெருவுக்கே பங்கு போடும் அளவுக்குப் பேரீச்சம்பழம். அந்த சூட்கேஸ் எந்த ஊரிலிருந்து கிளம்பி வந்ததோ அந்த ஊரை ஒரு தடவை பார்த்துவிட வேண்டும் என்று எனக்கு ரொம்ப நாளாக ஆசை. அவ்வளவுதான் ஸார். இதற்குப் போய் நாற்காலியில் துண்டு!

* * *

ப்ளான் போட உட்கார்ந்தேன். உங்களில் யாருக்காவது உபயோகப்படலாம் என்பதால் விவரமாகவே சொல்கிறேன்.

முதலில் மாதம். 'ஜூன்ல டிக்கெட் சீப்பா இருக்கும்' என்றார் ஒரு நண்பர். நல்லவேளை, விசாரித்தேன். 2018 ஜூன் மாதம், மஸ்கட்டுக்குத் தென்கிழக்கே இருக்கும் குரியாத் என்ற கடலோர ஊரில் ஒருநாள் வெப்பம் 42.6 டிகிரிக்குக் கீழே இறங்கவே இல்லையாம். கவனியுங்கள், அது அன்றைய உச்சம் இல்லை. ராத்திரி கணக்கையும் சேர்த்து, அன்றைக்கு இருந்ததிலேயே குறைச்சலான வெப்பம்! நம்ம ஊரில் கத்திரி வெயில் மத்தியானம் 42 அடித்தால் ஆபீஸில் பாதிப் பேருக்குத் தலைவலி வந்துவிடும். அங்கே அது 'ஜிலுஜிலு' நேரம். எனவே போவதாக இருந்தால் நவம்பரிலிருந்து மார்ச்சுக்குள் போக வேண்டும். டிசம்பர், ஜனவரியில் பகலிலேயே 25, 26 டிகிரிதான். கொடைக்கானல் இல்லையென்றாலும் கோயமுத்தூர்.

அடுத்தது விசா. கம்ப்யூட்டரிலேயே விண்ணப்பித்து இ-விசா வாங்கிக்கொள்ளலாம். அதைக் கொடுப்பது 'ராயல் ஓமன் போலீஸ்'. இதைப் போனில் சொன்னதும் அம்மா பதறிவிட்டாள். "ஊர் பார்க்கப் போறவனுக்கு எதுக்குடா போலீஸு?"

உண்மையான பரீட்சை அங்கே இல்லை. நம்ம ஊர் ஏர்போர்ட்டிலேயே இருக்கிறது. கல்யாணமாகாத இளைஞன், கையில் ஒரே பெட்டி, டூரிஸ்ட் விசா, அதுவும் வளைகுடாவுக்குத் தனியாக என்றால் இமிக்ரேஷன் கவுன்ட்டரில் நாலு கேள்வி கேட்கத்தான் செய்வார்கள். காரணம் இருக்கிறது. 'டூரிஸ்ட் விசாவுல போ, அங்கே போனதும் வேலை ரெடி' என்று ஏஜென்ட்டுகள் ஏமாற்றி, போன இடத்தில் சம்பளமும் இல்லாமல், திரும்பி வர வழியும் இல்லாமல் மாட்டிக்கொண்டவர்கள் நிறையப் பேர். அதனால் கேட்கிறார்கள். முகத்தைச் சுளிக்காமல் பதில் சொல்ல வேண்டும். திரும்பி வரும் டிக்கெட், ஹோட்டல் ரிசர்வேஷன், ஆபீஸ் அடையாள அட்டை, லீவு சாங்ஷன் ஆன கடிதம் - நாலையும் ஒரு ஃபைலில் போட்டு வைத்திருக்கிறேன். நான் வேலை தேடிப் போகவில்லை, இருக்கிற வேலையிலிருந்து தப்பித்து ஐந்து நாள் ஓடுகிறேன் என்பதற்கு இதைவிட அத்தாட்சி வேண்டுமா?

பணம். இதில்தான் கொஞ்சம் தலை சுற்றும். ஒரு ஓமன் ரியால் நம்ம காசுக்கு 200 ரூபாய்க்கு மேல். அமெரிக்க டாலரே அங்கே இளைத்தவன்; ஒரு ரியாலுக்கு இரண்டரை டாலருக்குக் கொஞ்சம் கூடுதலாகக் கொடுக்க வேண்டும். ரியாலின் சில்லறைக்குப் பெயர் 'பைஸா'! ஆயிரம் பைஸா ஒரு ரியால். பெயர் எங்கேயோ கேட்டமாதிரி இருக்கிறதா? நம்மிடமிருந்து போனதுதான். 1959-லிருந்து நம்ம ரிசர்வ் வங்கியே வளைகுடாவுக்கென்று தனியாக ரூபாய் நோட்டு அச்சடித்துக் கொடுத்தது. ஓமனில் 1970 வரைக்கும் அது செலாவணியில் இருந்தது. அறுபது வருஷத்துக்கு முன்னால் போயிருந்தால் நான் ராஜா. இப்போது, 'ஒரு டீ என்ன விலை?' என்று கேட்டு, மனசுக்குள் 200-ஆல் பெருக்கி, நெஞ்சைப் பிடித்துக்கொள்ள வேண்டும். ஐந்து நாளும் பெருக்கல் வாய்ப்பாடு சொல்லிக்கொண்டே திரிந்தால் கடல் தெரியாது, கணக்குத்தான் தெரியும். பட்ஜெட்டை இங்கேயே போட்டுவிட்டு, அங்கே போய் வாய்ப்பாட்டை மறந்துவிடுவது என்று தீர்மானம்.

நேரம். அவர்கள் கடிகாரம் நமக்கு ஒன்றரை மணி பின்னால் ஓடுகிறது. சென்னையிலிருந்து ஏறக்குறைய நாலு மணி நேரப் பறத்தலில் ஒன்றரை மணி இலவசமாகக் கிடைக்கும். திரும்பி வரும்போது வட்டியில்லாமல் பிடுங்கிக்கொள்வார்கள்.

* * *

மஸ்கட்டின் வரைபடத்தைப் பார்த்தால் முருங்கைக்காய் ஞாபகம்தான் வரும். ஒரு பக்கம் மொட்டை மலை, ஒரு பக்கம் கடல், நடுவில் நீளமாக ஊர். மேற்கே ஏர்போர்ட். அங்கிருந்து கிழக்கே 30 கிலோமீட்டருக்கு மேல் போனால்தான் பழைய துறைமுகமான முத்ரா. அதையும் தாண்டினால் பழைய மஸ்கட். ஆகவே, 'ஏர்போர்ட் பக்கத்துல ரூம் சீப்' என்று ஏமாறக் கூடாது. நம்மவர்கள் நடமாட்டமும் இட்லி சாம்பாரும் வேண்டுமென்றால் ரூவி. கடலைப் பார்த்துக்கொண்டே பல் தேய்க்க வேண்டுமென்றால் முத்ரா. இரண்டும் பக்கத்துப் பக்கத்தில்தான். 'முவாஸலாத்' என்று அரசாங்க பஸ் இருக்கிறது. தனி ஆளுக்கு டாக்ஸியைவிட அதுதான் தோது.

புதன் ராத்திரி போய்ச் சேருகிறமாதிரி டிக்கெட் பார்த்திருக்கிறேன். ஏன் புதன்? அங்கே வார விடுமுறை வெள்ளியும் சனியும். வெள்ளிக்கிழமை பெரிய மசூதிக்குள் வெளியாட்களை விட மாட்டார்கள். எனவே வியாழக்கிழமை காலை எட்டு மணிக்கே அங்கே நிற்க வேண்டும். மற்ற மதத்தவருக்குப் பதினோரு மணி வரைக்கும்தான் அனுமதி. முழுக்கால் பேன்ட், தோளை மறைக்கும் சட்டை அவசியம்.

வெள்ளிக்கிழமை காலையில் நிஸ்வா. மலைக்கு அந்தப் பக்கம், கிட்டத்தட்ட 140 கிலோமீட்டர். வாராவாரம் வெள்ளி காலையில் அங்கே ஆட்டுச் சந்தை. விற்கிறவர்கள் ஆட்டைப் பிடித்துக்கொண்டு வட்டமாகச் சுற்றி வர, வாங்குகிறவர்கள் நடுவிலும் ஓரத்திலும் நின்று பல்லைப் பிடித்துப் பார்த்து விலை பேசுவார்களாம். பெண் பார்க்கும் படலத்தில் என்னைச் சுற்றி உட்கார்ந்து சம்பளம் விசாரித்த காட்சி ஞாபகம் வந்தது. ஆட்டின் பக்கம்தான் நிற்பேன்.

வெள்ளி சாயந்திரம் முத்ரா கடைவீதி. பழைய பெயர் 'தலாம்' - அதாவது இருட்டு. வெயில் நுழைய முடியாத சந்துகள். அங்கே வாங்க வேண்டியது லுபான் என்கிற வாசனைப் பிசின். தெற்கே தோஃபார் மலைப்பக்கத்து மரத்தில் கீறி எடுப்பது. நம்ம நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும் குந்திரிக்கத்துக்குப் பெரியப்பா பிள்ளை.

சனிக்கிழமை பழைய மஸ்கட். சுல்தானின் அல் ஆலம் அரண்மனை. அதற்கு இரண்டு பக்கமும் காவல்காரர்கள் மாதிரி ஜலாலி, மிரானி என்று இரண்டு கோட்டைகள். 1507-ல் ஊரைப் பிடித்த போர்ச்சுகீசியர்கள் 1580-களில் எடுத்துக் கட்டியவை. 1650-ல் ஓமானியர்கள் அவர்களைத் துரத்திவிட்டுக் கோட்டையை மட்டும் வைத்துக்கொண்டார்கள். அரண்மனைக்குப் பக்கத்திலேயே, நூறு வருஷத்துக்கும் மேல் பழமையான சிவன் கோயில் ஒன்று இருக்கிறது. குஜராத்தி வியாபாரிகள் வளர்த்த கோயில். இதைச் சொன்ன பிறகுதான் அம்மா போலீஸை மறந்து, "விபூதி கொண்டு வா" என்றாள்.

இன்னொரு சமாச்சாரம். 1970 வரைக்கும் இந்தப் பழைய மஸ்கட்டில் பொழுது சாய்ந்து மூன்று மணி நேரத்தில் கோட்டைக் கதவைச் சாத்திவிடுவார்களாம். அதற்கு மேல் தெருவில் நடந்தால் கையில் லாந்தர் இருக்க வேண்டும். அந்த நாட்டில் அப்போது இருந்த தார் ரோடு மொத்தமே சுமார் 10 கிலோமீட்டர்தான். அந்த வருஷம் சுல்தான் காபூஸ் பட்டத்துக்கு வந்தார். அதற்கப்புறம்தான் ரோடு, ஆஸ்பத்திரி, கரன்ட் எல்லாம். ரோடு போட, கம்பி இழுக்க, சுவர் எழுப்ப ஆள் வேண்டியிருந்தது. ஆள் எங்கிருந்து போனார்கள் என்பது உங்கள் தெருவிலேயே தெரியும்.

* * *

நான் போகும் செய்தி பரவியதும் பார்சல்கள் வர ஆரம்பித்தன. தூரத்து மாமி ஒருத்தி, "என் மச்சினர் பையன் அங்கதான் இருக்கான். அரை கிலோ கசகசா மட்டும் குடுத்துடேன்" என்றாள்.

கசகசா நமக்குக் குருமா. வளைகுடா நாடுகள் பலவற்றில் அது அபின் செடியின் விதை. போதைப் பொருள் கணக்கு! அரை கிலோ குருமாவுக்காக நான் அரபிச் சிறையில் களி தின்ன முடியாது. இளைஞர்களே, இதை மட்டும் சிரிக்காமல் கேளுங்கள். யார் கொடுத்தாலும், எவ்வளவு வேண்டியவராக இருந்தாலும், பிரித்துப் பார்க்காத பார்சலை வாங்காதீர்கள். 'ஊறுகாய்தான்' என்று நம்பி வாங்கிப்போய், உள்ளே வேறொன்று இருந்து, வருஷக்கணக்கில் கம்பி எண்ணியவர்கள் உண்டு. மாமி கோபித்துக்கொண்டால் ஒரு கல்யாணத்தோடு சரியாகிவிடும்.

* * *

போன சனிக்கிழமை ஊருக்குப் போய், ப்ளான் காகிதத்தை அப்பாவிடம் பெருமையாக நீட்டினேன். மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, கரன்ட் பில் பார்க்கிற மாதிரி மேலிருந்து கீழே படித்தார்.

"நிஸ்வா எங்கடா இருக்கு?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "என்னப்பா, பதினெட்டு வருஷம் இருந்திருக்கீங்க!"

"இருந்தேன். எங்க பார்த்தேன்? ஸீப் பக்கம் கேம்ப், ரூவியில வேலை. விடிகாலம்பற கம்பெனி பஸ், ராத்திரி கம்பெனி பஸ். வெள்ளிக்கிழமை துணி துவைக்கிறது, லெட்டர் எழுதறது. மாசத்துல ஒருநாள் முத்ராவுல போய் உக்காந்துட்டு வருவோம். கடலுக்கு டிக்கெட் கிடையாதுல்ல?"

காகிதத்தைத் திருப்பித் தந்தார். "தனியாவா போற?"

நான் இதற்காகத்தான் காத்திருந்தேன். தனியாகப் பயணம் போவதன் மகிமை, யாரையும் கேட்காமல் நினைத்த இடத்தில் இறங்குவது, தன்னைத் தானே தெரிந்துகொள்வது என்று எங்கேயோ படித்ததையெல்லாம் எடுத்துவிட்டேன். முடிக்கும்போதுதான் உறைத்தது. யாரிடம் போய் இதைச் சொல்கிறேன்? கொஞ்சம் அசடு வழிந்து, "நீங்களும் அங்க தனியாத்தானே இருந்தீங்க..." என்று இழுத்தேன்.

அப்பா சிரித்துவிட்டார்.

"தனியாவா? ஒரு ரூம்ல எட்டு பேருடா! கட்டிலுக்கு மேல கட்டில். உங்கம்மா லெட்டர் வந்தா, படிக்கிறதுக்குத் தனியா ஒரு இடம் கிடைக்காது. கக்கூஸ்ல போய் நின்னு படிச்சிருக்கேன். அங்கேயும் அஞ்சு நிமிஷத்துல ஒருத்தன் கதவைத் தட்டுவான். ஒருநாள், ஒரே ஒருநாள் தனியா இருந்தா தேவலைன்னு தோணும்."

அம்மா உள்ளே போய்விட்டாள். எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. பேச்சை மாற்ற, வியாழக்கிழமை ப்ரோக்ராமில் இருந்த பெரிய மசூதியைப் பற்றிக் கேட்டேன்.

"அதைக் கட்ட ஆரம்பிச்சப்ப நான் அங்கதான் இருந்தேன். 95. பஸ் அந்த வழியாத்தான் போகும். தினம் ரெண்டு தடவை பார்ப்பேன். மொதல்ல பள்ளம், அப்புறம் தூண், அப்புறம் கோபுரம் ஏறிக்கிட்டே போச்சு. ஆறு வருஷம். நான் பிப்ரவரியில கிளம்பி வந்துட்டேன். மே மாசம் திறந்துட்டாங்க."

"உள்ளே பார்க்கவே இல்லையா?"

"பஸ் நிக்காதுல்ல" என்றார்.

நான் படித்து வைத்ததைச் சொன்னேன். சுமார் 90 மீட்டர் உயர மினார். தொழுகைக் கூடம் முழுக்கத் தைத்தமாதிரி ஒரே விரிப்பு, 21 டன், ஈரான் பெண்கள் 600 பேர் நாலு வருஷம் உட்கார்ந்து 170 கோடி முடிச்சுப் போட்டது. பதினாலு மீட்டர் உயரத்துக்குத் தொங்கும் சரவிளக்கு. கட்டடத்துக்கு வந்த மூணு லட்சம் டன் மணற்கல், நம்ம இந்தியாவிலிருந்து போனது.

அப்பா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு எலெக்ட்ரீஷியனாக ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"அந்த விளக்குல பல்பு ஃப்யூஸானா எப்படிடா மாத்துவாங்க? பார்த்துட்டு வந்து சொல்லு."

* * *

திங்கட்கிழமை ஆபீஸுக்கு வந்து டிக்கெட் போட உட்கார்ந்தேன். பெயர், வயது எல்லாம் நிரப்பியாகிவிட்டது. 'பயணிகள் எண்ணிக்கை' என்ற இடத்தில் 1 என்று இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். பக்கத்து ஸீட் சீனியர், "என்ன தம்பி, வேலை கன்ஃபர்ம் ஆயிடுச்சா?" என்றார்.

எழுந்துபோய் ஊருக்குப் போன் போட்டேன்.

"அப்பா, உங்க பழைய பாஸ்போர்ட் எங்க இருக்கு?"

"பீரோவுலதான். அது காலாவதியாகி எத்தனையோ வருஷமாச்சு. எதுக்குடா?"

"சும்மாதான். புதுசு எடுத்துடலாமேன்னு."

அந்தப் பக்கம் சத்தமே இல்லை. லைன் போய்விட்டதோ என்று, "அப்பா... அப்பா..." என்று இரண்டு தடவை கூப்பிட்டேன். தொண்டையைச் செருமிக்கொண்டு கேட்டார்:

"ரூம்ல எத்தனை பேருடா?"

"ரெண்டே பேருதாம்ப்பா."